பலதரப்பட்ட மாணவர்களுக்கான உரையாடல் வட்டம்: கல்லூரியில் தொடங்கி நடத்தும் முறை

தமிழ்நாட்டின் ஏதேனும் ஒரு பொறியியல் கல்லூரிக்குள், சேர்க்கை முடிந்து ஒரு மாதம் கழித்துப் போய் முதலாண்டு வகுப்பறையைப் பார்த்தால், யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் பெற்றவர்கள் ஒரு பக்கம் இருப்பார்கள். மாநகரத்து சிபிஎஸ்இ பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். விடுதிக்காரர்கள் ஒரு கூட்டம், கல்லூரிப் பேருந்தில் வந்துபோகிறவர்கள் இன்னொரு கூட்டம். அடுத்த ஆண்டு பாலிடெக்னிக் முடித்துவிட்டு லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டுக்குள் நுழைகிறவர்கள் இவற்றில் எதிலும் சேராமல் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். யாரையும் விலக்கிவைத்ததாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் முதல் செமஸ்டர் முடிவு வெளியாகும் நாளில் நான்கு அரியரைக் கையில் வைத்துக்கொண்டு, அதைச் சொல்வதற்கு ஓர் ஆள்கூட இல்லாமல் ஒரு மாணவர் நிற்க நேர்வதற்கு அந்த இருக்கை வரிசையும் ஒரு காரணம்.

இத்தகைய வகுப்புகளில் சகமாணவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் வட்டம் ஒன்றைத் தொடங்க நினைக்கும் மாணவர்களையும், அவர்களுக்கு உதவ முன்வரும் இளம் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பேசத் தெரிந்தவர்களுக்குக் கல்லூரியில் மேடைகள் ஏற்கெனவே உண்டு. ஆகவே இடம், நேரம், மொழி, கேட்கப்படும் கேள்வி என்று வட்டத்தின் ஒவ்வோர் ஏற்பாட்டையும், அந்த அறையில் மிகக் குறைந்த செல்வாக்கு உடையவர் யாரோ அவருக்கு அது பொருந்துமா என்று கேட்டுத் தீர்மானியுங்கள். பின்வருவன எல்லாம் இந்த ஒரே அளவுகோலிலிருந்து வருபவை.

ஆதரவா, விவாதமா

மனச்சுமையைப் பகிர்ந்துகொள்ளும் கூடலும், ஒரு பொருளைப் பற்றி வாதிடும் கூடலும் தம் இயல்பிலேயே வேறானவை. முன்னதில் ஒருவர் தம் அனுபவத்தைச் சொன்னால் அதை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. பின்னதிலோ மறுப்பதற்காகவே கூடுகிறோம். இரண்டையும் ஒரே மாலையில் கலந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆய்வக வாய்மொழித் தேர்வில் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் திணறியபோது எல்லோரும் சிரித்ததை ஒரு மாணவி சொல்லி முடிக்கிறார். அடுத்தவர், "இருந்தாலும் வேலைக்குப் போக இங்கிலீஷ் வேணும்தானே" என்று தொடங்குகிறார். அந்த நொடியில் அவருடைய வேதனை ஒரு விவாதத்துக்கான சான்றாகச் சுருங்கிவிடுகிறது, அவர் அடுத்த வாரம் வரமாட்டார். ஒரு வாரம் ஆதரவுக் கூடல், மறுவாரம் விவாதக் கூடல் என்று மாற்றி மாற்றி வைத்து, எந்த வாரம் எது என்பதை அறிவிப்பிலேயே எழுதிவிடுவது நல்லது.

எண்ணிக்கை 8 முதல் 12 பேர் வரை போதும். அதற்கு மேல் போனால் இரண்டாம் வட்டம் தொடங்குங்கள்.

அனுமதியும் ஆசிரியரும்

நம் கல்லூரிகளில் அனுமதி இல்லாமல் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்தாலே சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள். சாதி, பாலினம் போன்ற சொற்கள் அங்கே எழுந்தால் சொல்லவே வேண்டாம். சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் என்ற மாணவர் குழு, மாணவர் அமைப்புகளுக்கான விதிகளை மீறியதாகக் கூறி 2015 மே மாதத்தில் அங்கீகாரம் இழந்ததும், பெரும் எதிர்ப்புக்குப் பிறகு ஜூன் மாதத்தில் அதைத் திரும்பப் பெற்றதும் பலருக்கு நினைவிருக்கும். எனவே முதல்வருக்கு எழுதும் கடிதத்தில் வட்டத்தின் பெயர், நோக்கம், கூடும் நாள், இடம், பொறுப்பாசிரியர் ஆகியவற்றோடு, வருகைப் பதிவேடு வைக்கப்படாது என்பதையும் சேர்த்து எழுதி, கையொப்பத்தோடு ஒரு படி பெற்றுக்கொள்ளுங்கள். பதிவேட்டைப் பற்றிய அந்த ஒரு வரிக்காகப் பின்னால் நன்றி சொல்வீர்கள்.

நிர்வாகம் தயங்கினால் சுட்டிக்காட்ட உங்களிடம் ஆதாரங்கள் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் வெளியிட்ட சமத்துவ விதிமுறைகள், உயர்கல்வி நிறுவனங்கள் சமவாய்ப்பு மையம் அமைக்க வேண்டும் என்றன. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி வாய்ந்த ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட மனநல நல்லாதரவு மன்றமும் இதே தேவையிலிருந்து பிறந்ததுதான். உங்கள் வட்டம் இவற்றுக்கு மாற்று ஆகாது. இவற்றை நோக்கி ஒருவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் வழி என்று கடிதத்தில் விளக்கினால் பெரும்பாலும் கதவு திறக்கும்.

பொறுப்பாசிரியரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரே ஒரு விதிதான், ஆனால் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது: வட்டத்தில் இருக்கும் எவருக்கும் இன்டர்னல் மதிப்பெண் போடும் ஆசிரியர் அவ்வட்டத்தில் உட்காரக் கூடாது. அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், மதிப்பெண் அவர் கையில் இருக்கும்வரை மாணவர்கள் அவருக்குப் பிடித்ததையே பேசுவார்கள். நூலகர், உடற்கல்வி ஆசிரியர், வேறு துறையின் பேராசிரியர் ஆகியோர் பொருத்தமானவர்கள். அவர்களும் கூடல் நடக்கும்போது அறைக்கு வெளியே, கூப்பிட்டால் வரக்கூடிய தொலைவில் இருந்தால் போதும்.

ஆட்களைச் சேர்ப்பது, இடம் பிடிப்பது

"மன அழுத்தமா? எங்களிடம் வாருங்கள்" என்று சுவரொட்டி ஒட்டினால் ஒருவரும் வரமாட்டார்கள், வந்தால் அவர்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று விடுதி முழுக்கப் பேச்சாகிவிடும். வேறு வழி இருக்கிறது. இருவர் சேர்ந்து தொடங்குங்கள், அந்த இருவரும் வெவ்வேறு பின்னணியிலிருந்து வந்தவர்களாக இருக்கட்டும்: ஒருவர் விடுதி, ஒருவர் வீட்டிலிருந்து வருபவர், ஒருவர் தமிழ் வழி, ஒருவர் ஆங்கில வழி, இயன்றவரை ஓர் ஆணும் ஒரு பெண்ணும். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த நான்கு பேரை நேரில் அழைத்தால் முதல் வட்டம் அமைந்துவிடும். ஒரே துறை, ஒரே விடுதி மாடி, ஒரே மாவட்டம் என்று அழைப்பு சரிந்துபோகாமல் இருக்கிறதா என்று மட்டும் எழுதிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நேரத்தைக் கல்லூரிப் பேருந்துதான் முடிவு செய்கிறது. மாலை 4 மணிக்கு வகுப்பு முடிந்து 4:20க்குப் பேருந்து கிளம்பும் கல்லூரியில், 5 மணிக்குக் கூடல் என்று வைத்தால் பேருந்து மாணவர்கள் அனைவரையும் ஒரே அறிவிப்பில் வெளியேற்றிவிட்டீர்கள் என்று பொருள். பெண்கள் விடுதியின் கதவு ஆண்கள் விடுதியைவிட முன்னதாகவே மூடப்படுவதையும், பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் கிடைக்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மதிய உணவு வேளையில் 45 நிமிடம் என்பதுதான் பெரும்பாலும் மிஞ்சும். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வரச் சொல்லுங்கள். ஆனால் யார் டப்பாவில் என்ன இருக்கிறது என்ற பேச்சு எழுந்தால் அதை மெல்லத் திசைதிருப்புவதற்கும் ஆயத்தமாக இருங்கள், ஏனெனில் நம் ஊரில் உணவைப் பற்றிய கேலி உணவோடு நிற்பதில்லை.

இடம் தரைத்தளத்தில் இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வருபவர் இன்று இல்லாவிட்டாலும், மூன்றாம் மாடியில் வைத்தால் என்றும் வரமாட்டார். பார்வைக் குறைபாடு உடையவர் இருந்தால் பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்ல வேண்டும். செவித்திறன் குறைந்தவர் இருந்தால் பேசுபவரின் முகத்தில் வெளிச்சம் விழும்படி இருக்கைகளைத் திருப்பிப் போட வேண்டும். இவை ஐந்து நிமிட வேலைகள்.

முதல் நாள்: கேட்கக் கூடாத கேள்விகள்

அறிமுகம் என்றவுடன் நம் வாயில் தானாக வருவது "எந்த ஊர்?" என்பதே. அது அன்பாகவே கேட்கப்படலாம். ஆனால் அடுத்த கேள்வி "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றும், அதற்கடுத்தது "அங்க இன்னாரைத் தெரியுமா?" என்றும் நீளும்போது, கேட்கப்படுவது எது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். குலதெய்வம் எது, கட்ஆஃப் எவ்வளவு, கோட்டாவா, ஸ்காலர்ஷிப் பணம் வந்துவிட்டதா ஆகிய கேள்விகளும் சாதியைத் தொடும் வேறு வேறு வாசல்களே. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்த மாணவர் ஒருவருக்கு, "சொந்த ஊர் எது?" என்பதற்கு ஒற்றை வரி விடை கிடையாது. எனவே இந்தக் கேள்விகள் எதுவும் இங்கே கேட்கப்படாது என்பதை முதல் நாளிலேயே, ஏன் என்ற விளக்கத்தோடு, வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஒருவர் தாமாக முன்வந்து சொன்னால் அது அவர் விருப்பம்.

அப்படியானால் எதைக் கேட்பது? நான் பரிந்துரைப்பது இது: "இந்தக் கல்லூரிக்கு வந்த முதல் வாரத்தில் உங்களுக்குப் பொருள் விளங்காமல் போன ஒரு சொல் எது?" இன்டர்னல், ஓ.டி. (ஆன் டியூட்டி), ரெக்கார்ட், போனஃபைடு, பிராக்ஸி என்று வரிசையாக வரும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கும் தெரிந்திராத சொற்கள் உண்டு, பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைக்கும் தெரிந்திராத சொற்கள் உண்டு. சிரிப்பு எழும், அந்தச் சிரிப்பு எவர் மேலும் விழாது.

பெயரையும் கவனியுங்கள். வருகைப்பட்டியலில் உள்ள பெயர் வேறு, தம்மை அழைக்க வேண்டும் என்று ஒருவர் விரும்பும் பெயர் வேறாக இருக்கலாம். திருநர் மாணவர்களுக்கு இது உயிரான விஷயம். அவர் சொன்ன பெயரே வட்டத்துக்குள் பெயர். ஆனால் அந்தப் பெயரை வகுப்பிலும் வீட்டிலும் சொல்லலாமா என்பதை அவரிடம் தனியே கேட்டுக்கொள்ளாமல் வெளியே ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

எந்த மொழியில் பேசுவது என்பதில் பெரிய கொள்கை எதுவும் வேண்டாம். தமிழ், ஆங்கிலம், இரண்டும் கலந்தது, நெல்லைப் பேச்சு, கோவைப் பேச்சு எதுவும் ஆகலாம்; யாருடைய உச்சரிப்பையும் யாரும் திருத்தக் கூடாது. பீகாரிலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ வந்தவர் இருந்தால், பக்கத்தில் அமர்ந்தவர் தாழ்ந்த குரலில் அவருக்குச் சொல்லிக்கொண்டே வரலாம், நடத்துபவர் அவ்வப்போது நிறுத்திச் சுருக்கத்தை இரு மொழியிலும் சொல்லலாம். உண்மையான சிக்கல் மொழியைவிட நேரத்தில்தான் இருக்கிறது: சரளமாக ஆங்கிலம் பேசுபவர் ஆறு நிமிடம் எடுத்துக்கொள்வார், மற்றவர் முக்கால் நிமிடத்தில் முடித்துக்கொள்வார். இதற்குப் பழைய உபாயம் ஒன்று உண்டு. ஒரு பேனாவையோ தண்ணீர்ப் புட்டியையோ வட்டத்தில் கைமாற்றுங்கள். அது கையில் இருப்பவர் மட்டும் பேசலாம், மூன்று நிமிடம், பேச விருப்பமில்லை என்றால் வாய் திறக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். கொடுத்துவிட்டவரை ஏன் என்று கேட்கக் கூடாது.

கேட்கும் முறை

வட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, இதில்தான் பெரும்பாலான வட்டங்கள் கெடவும் செய்கின்றன. ஓர் இளைய மாணவர், "வீட்ல எல்லார்கிட்டயும் நான் ஆல் கிளியர்னு சொல்லி வெச்சிருக்கேன்க்கா" என்கிறார். மூத்தவர் உடனே, "அட, இதெல்லாம் ஒரு விஷயமா தம்பி, எனக்கு ஆறு அரியர், ஒரே செம்ல கிளியர் பண்ணேன்" என்று ஆறுதல் சொல்லிவிடுகிறார். நல்லெண்ணம்தான். ஆனால் பேச்சு இப்போது மூத்தவரின் வெற்றிக் கதையாகிவிட்டது. தம்பி சிரித்து வைத்துவிட்டு அடங்கிவிடுவார். அதற்குப் பதிலாக, "வீட்ல சொல்றதுல எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பத்து விநாடி வாயை மூடிக்கொண்டிருந்தால், அப்பா வாங்கிய கடன், சொந்தக்காரர் முன்னால் நடந்த பேச்சு, தங்கையின் படிப்பு என்று உண்மையான செய்தி வெளிவரும். அந்தப் பத்து விநாடியைத் தாங்கப் பழகுவதுதான் நடத்துபவர் பெற வேண்டிய பயிற்சி. அதை இரு நண்பர்கள் முன்கூட்டியே உட்கார்ந்து ஒத்திகை பார்க்கலாம்.

அறிவுரைக்கு முன் அனுமதி கேளுங்கள்: "யோசனை வேணுமா, கேட்டா மட்டும் போதுமா?" பெரும்பாலானவர்கள் கேட்டால் போதும் என்பார்கள். ஆனால் செய்தியே மருந்தாகும் இடங்களும் உண்டு, அங்கே கண்ணீரைப் பார்த்து உருகிக்கொண்டிருப்பது வீண். மறுமதிப்பீட்டுக்குக் கடைசி நாள் எப்போது, முதல் பட்டதாரிச் சான்றிதழை எங்கே வாங்குவது, புதுமைப்பெண் அல்லது தமிழ்ப்புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வராவிட்டால் கல்லூரியில் யாரைப் பார்ப்பது ஆகியவற்றை முந்தைய ஆண்டு அலைந்து திரிந்து அறிந்த மாணவர்தான் மிகச் சரியாகச் சொல்வார். இத்தகைய செய்திகளுக்கென்று ஒரு நோட்டு வைத்து, பெயர்கள் இல்லாமல் எழுதிவையுங்கள்.

வெளியே போகாமல் காப்பது

உறுதிமொழி எளிய சொற்களில் இருக்கட்டும்: எதைப் பற்றிப் பேசினோம் என்பது வெளியே போகலாம், யார் பேசினார் என்பது போகக் கூடாது. இதற்கு விலக்குகளையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்; ஒருவர் தம் உயிருக்கோ பிறர் உயிருக்கோ தீங்கு செய்யக்கூடும் என்று தோன்றினாலோ, அவருக்கு யாரேனும் தீங்கு செய்துகொண்டிருந்தாலோ, பொறுப்பாசிரியரிடமும் ஆலோசகரிடமும் சொல்லப்படும். பின்னால் இதைச் செய்ய நேரும்போது அது துரோகமாகத் தோன்றாமல் இருப்பதற்கு முதல் நாளில் சொல்லியிருப்பதுதான் வழி.

வாட்ஸ்அப் குழு வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெண்களுக்கு அது நள்ளிரவுச் செய்திகளாக மாறும். ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் மூன்று மாத நம்பிக்கை கரைந்துவிடும். கூடல் நாளை நினைவூட்ட, நடத்துபவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே செய்தி அனுப்பினால் போதும். படம் எடுப்பதற்கும் தடை வேண்டும். கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் (NAAC) அமைப்புக்கான கோப்புக்கு, எடுத்த இடம் பதிவாகும் ஜியோடேக் படம் வேண்டும் என்று அலுவலகம் கேட்கத்தான் செய்யும். ஆட்கள் வருவதற்கு முன் வட்டமாகப் போட்ட வெற்று நாற்காலிகளைப் படம் பிடித்துக் கொடுத்துவிடலாம், அல்லது விவாதக் கூடலில் முன்கூட்டிச் சொல்லி, விரும்பியவர்களை மட்டும் நிறுத்தி எடுக்கலாம்.

விவாத வாரங்கள்

விவாதத்தை வெறும் தலைப்போடு தொடங்கினால் அது இருபது நிமிடத்தில் கூச்சலாகும். படிப்பதற்கு இரண்டு பக்கம் கொடுத்துத் தொடங்குங்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சாதி வெறியால் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டதைத் தொடர்ந்து, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அரசிடம் கொடுத்த அறிக்கை நல்ல தொடக்கப் பொருள். சாதியைக் காட்டுவதற்காக மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்ற அதன் பரிந்துரையை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஒரு மணி நேரம் போதாது. கயிறு கட்டியவர்களும் வட்டத்தில் இருப்பார்கள், அதுவும் நல்லதே.

இட ஒதுக்கீடு போன்ற பொருளில் இரண்டு கட்டுப்பாடுகள் போதும். பேச்சு ஏற்பாட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும், அறையில் இருக்கும் எவரையும் எடுத்துக்காட்டாகக் காட்டக் கூடாது. அதேபோல் எவரிடமும், "உங்க ஆளுங்க இதைப் பத்தி என்ன நினைக்கிறாங்க?" என்று கேட்டு ஒரு சமூகத்தின் பேராளராக அவரை ஆக்கிவிடக் கூடாது. எதிர்த்துப் பேச விரும்புபவர், முதலில் மற்றவர் சொன்னதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லி, "நான் சொன்னது இதுதான்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே தம் மறுப்பைத் தொடங்கலாம். வேகம் பாதியாகக் குறையும், அது வேண்டியதுதான்.

யாரேனும் இழிசொல் ஒன்றைச் சொல்லிவிட்டால், பாதிக்கப்பட்டவர் பதில் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடத்துபவர் அங்கேயே, குரலை உயர்த்தாமல், "இந்தச் சொல் இங்கே வேண்டாம்" என்று நிறுத்த வேண்டும். அன்றே எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கச் சொல்லி வற்புறுத்துவதால் பயன் இல்லை, அது இருவரையும் இன்னொரு முறை காட்சிப்பொருளாக்கும். கூடல் முடிந்தபின் இருவரிடமும் தனித்தனியே பேசுங்கள், முதலில் யாரிடம் போகிறீர்கள் என்பதை எல்லோரும் பார்ப்பார்கள் என்பதையும் மறவாதீர்கள்.

வட்டத்தின் எல்லையைத் தாண்டும் செய்திகள்

சில செய்திகளை வட்டத்துக்குள் வைத்திருப்பதே தவறு. பாலியல் தொல்லை பற்றிய புகாரை நிகழ்வு நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்து வடிவில் கொடுக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் நான்கு வாரம் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தால் அவருடைய காலக்கெடுவைத்தான் தின்கிறீர்கள். புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் முடிவு, ஆனால் இத்தகைய புகார்களை விசாரிக்கக் கல்லூரியில் அமைக்கப்பட்டுள்ள அகப் புகார் குழுவில் இருப்பவர்கள் யார், எங்கே இருப்பார்கள் என்பதை அன்றே சொல்லுங்கள். ராகிங் என்றால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் உண்டு. தமிழ்நாட்டில் அதற்கெதிராக 1997 முதல் தனிச் சட்டமே இருக்கிறது.

ஒருவர் வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் பேசினாலோ, பொருள்களை எல்லாம் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, திடீரென்று எல்லோரிடமும் விடைபெறுவதுபோல் நடந்துகொண்டாலோ, கூடல் முடிந்ததும் அவரைத் தனியே அழைத்து, "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல ஓர் ஆள் கிடைத்த ஆறுதலே பெரும்பாலும் வரும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், ஒருவர் உடனிருக்க மற்றவர் ஆலோசகரையும் பொறுப்பாசிரியரையும் அழைக்கட்டும். தேசிய மனநல உதவிச் சேவையான டெலிமனஸின் 14416, தமிழ்நாடு அரசின் 104 ஆகிய எண்களில் தமிழிலேயே பேசலாம். 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. இந்த எண்களை நடத்துபவர்களின் கைப்பேசியில் முன்பே பதிந்து வையுங்கள், அந்த நேரத்தில் தேடக் கை வராது. அதன் பின் அவரைக் குணப்படுத்தும் பொறுப்பு உங்களுடையது அன்று.

கைமாற்றுதல்

நடத்துபவர்களுக்கும் சுமை ஏறும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இருவரும் ஆலோசகரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து, பெயர் சொல்லாமல், தமக்கு எது கனத்தது என்று பேசிவிட வேண்டும். ஒருவரே நான்கு ஆண்டும் நடத்தினால் வட்டம் அவருடைய சொத்தாகிவிடும், அவர் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போன மாதத்தில் நின்றுவிடும்.

ஆகவே இரண்டாம் ஆண்டின் இறுதியிலேயே அடுத்த இருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு செமஸ்டர் முழுக்கச் சேர்ந்து நடத்துங்கள். தேர்வு நேரத்தில் கூடலை அறவே நிறுத்திவிடாமல், வந்தவர்களோடு தேநீர் குடிக்கும் 20 நிமிடமாகச் சுருக்கி வையுங்கள். கடைசிக் கூடலன்று, பெயர்கள் இல்லாத அந்தச் செய்தி நோட்டையும், முதல்வர் கையொப்பமிட்ட கடிதத்தின் படியையும் புதியவர்களிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வட்டத்தில் ஒரு சாதாரண நாற்காலியில் போய் உட்காருங்கள். பேனா உங்களிடம் வரும்போது, விருப்பமில்லையென்றால் நீங்களும் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம்.